முன் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கவில்லை, பின்னால் மட்டும் அடிக்கிறது: பம்ப் மாற்ற வேண்டுமா?

மழைமேகம்
வணக்கம் நண்பர்களே. என் ஹேட்ச்பேக் காருக்கு 7 வயது ஆகிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு முன் கண்ணாடிக்கு அடிக்கும் தண்ணீர் ஓட்டுநர் பக்கம் மட்டும் மெலிந்து, நூல் மாதிரி வழிந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் நின்றுவிட்டது. நேற்று இரவு முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து சேறு தெறித்தது. வைப்பரைப் போட்டேன், கண்ணாடி முழுக்க இழுகிவிட்டது. எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் அதில் பட்டதும் சாலையே தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் துடைத்த பிறகுதான் கிளம்பினேன். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

தொட்டி நிரம்ப இருக்கிறது. தண்ணீர் பீய்ச்சும் முனையின் (நாசில்) துளையில் ஊசி விட்டுக் குத்திப் பார்த்தேன், பயனில்லை. லீவரை இழுத்தால் வைப்பர் ஓடுகிறது, தண்ணீர் வருவதில்லை. பழுது பார்க்கும் இடத்தில் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்காமல் "பம்ப் போயிடுச்சு" என்றார்கள். பின் கண்ணாடிக்கு மட்டும் அடிக்கிறது. புது பம்ப் வாங்கிவிடலாமா?

நெடுவழி
முதலில் ஃபியூஸைப் பாருங்கள் நண்பரே. பலர் அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றுவார்கள்.

மூன்றாம்கியர்
பம்ப் இப்போதைக்கு வேண்டாம். பின் கண்ணாடிக்கு அடிக்கிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் பாதி பதில் இருக்கிறது.

நிறைய ஹேட்ச்பேக்குகளில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே தொட்டி, ஒரே பம்ப். அந்தப் பம்புக்கு இரண்டு வாய். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் முன் கண்ணாடிக்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் பின் கண்ணாடிக்கும் தண்ணீர் போகும். லீவரை இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் ஏற்ப மோட்டாருக்குப் போகும் பிளஸும் மைனஸும் இடம் மாறிக்கொள்கின்றன. உங்கள் வண்டியும் இந்த வகை என்றால், பின்னால் தண்ணீர் வரும்போதே மோட்டாரும் ஃபியூஸும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம்.

சில வண்டிகளில் தனித்தனியாக இரண்டு பம்ப் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளக் காது போதும். எஞ்சினை அணைத்துவிட்டு இக்னிஷனை மட்டும் போடுங்கள். ஏசி ஃபேன், பாட்டு எல்லாம் நிறுத்திவிடுங்கள். வேறு ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை இழுக்கட்டும், நீங்கள் முன் சக்கரத்துப் பக்கம் குனிந்து கேளுங்கள். முன், பின் இரண்டுக்கும் 'ங்ஙீ' என்ற சத்தம் ஒரே இடத்திலிருந்து வருகிறதா?

இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டாம். அந்தப் பம்புக்குக் குளிர்ச்சி தருவதும், உராயாமல் காப்பதும் அதற்குள் ஓடும் தண்ணீர்தான். வறண்டு ஓடவிட்டால் நல்ல பம்பும் கெட்டுவிடும்.

செம்புக்கம்பி
மூன்றாம்கியர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். வாகன மின்வேலையில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறேன். சத்தம் வந்தால் தண்ணீர் போகும் பாதையைப் பாருங்கள். சத்தமே இல்லை என்றால் கரண்ட் வரும் பாதையைப் பாருங்கள். இதைப் பிரிக்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றக் கூடாது. கழற்றித் தூக்கிப்போட்ட பம்புகளை எடுத்து நேரடியாக பேட்டரியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் எத்தனையோ நன்றாக ஓடும். அதைப் பார்க்கும்போது மனசு கேட்காது.

நெடுவழி, ஃபியூஸ் யோசனை தவறில்லை. ஆனால் இவருக்குப் பின்னால் தண்ணீர் வருகிறதே.

நெடுவழி
சரிதான், அந்த வரியைக் கவனிக்கவில்லை.

நீலவானம்
இந்த இழையிலேயே என் பிரச்சினையையும் கேட்கலாமா? என்னுடையது செடான், பின் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் வாஷர் கிடையாது. லீவரை இழுத்தால் சத்தமே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பம்பையும் மாற்றிவிட்டேன், அப்போதும் சத்தம் இல்லை. மல்டிமீட்டர் வைத்து கனெக்டரில் பார்த்தால் லீவரை இழுக்கும்போது 11.8 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் வருகிறது, பம்ப் புதுசு, ஆனால் ஓடவில்லை. இரண்டாவது பம்பும் பழுதாக இருக்குமா?

செம்புக்கம்பி
இருக்காது அம்மா, புது பம்பைக் குறை சொல்ல வேண்டாம். மீட்டர்தான் உங்களை ஏமாற்றுகிறது.

மல்டிமீட்டர் வோல்ட் பார்க்கும்போது கரண்டை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. வயருக்குள் இருக்கும் இழைகள் எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். மோட்டார் ஓடச் சில ஆம்பியர் வேண்டும். அதை அந்த ஒற்றை இழையால் தர முடியாது.

ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு எடுத்துக்கொள்ளுங்கள், 12 வோல்ட் 21 வாட். அது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். அதற்கு இரண்டு வயர் கட்டி, பம்ப் கனெக்டரின் இரண்டு பின்னுக்கும் (உலோகக் காம்புக்கும்) நடுவில் போட்டு லீவரை இழுங்கள். பல்பு பளிச்சென்று எரிகிறதா, மங்கலாக எரிகிறதா? பல்பு எரியும்போதே மீட்டரிலும் வோல்ட் பார்த்துச் சொல்லுங்கள். பல்பு சுடும், கையில் பிடிக்க வேண்டாம்.

மழைமேகம்
சோதனை செய்துவிட்டேன். முன், பின் இரண்டுக்கும் சத்தம் ஒரே இடத்திலிருந்துதான், முன் சக்கரத்துக்கு முன்னால், பம்பருக்கு உள்ளிருந்து வருகிறது. முன்னுக்கு இழுக்கும்போது கொஞ்சம் கனமாக, அமுக்கிப் பிடித்த மாதிரி இருக்கிறது. பின்னுக்குத் தள்ளும்போது லேசாக ஓடுகிறது.

மூன்றாம்கியர்
நல்ல செய்தி. பம்ப் பிழைத்தது. சத்தம் கனத்திருப்பதால், அது தள்ளும் தண்ணீருக்குப் போக வழியில்லை என்று நினைக்கிறேன். டியூப் எங்காவது கழன்றிருந்தால் சத்தம் இப்படி இறுகாது, தண்ணீரும் கீழே சிந்தும். வண்டிக்கு அடியில் ஈரம் இருக்கிறதா, பானெட்டின் உள்பக்கத்து விரிப்பு நனைந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி பாதையை நடுவில் வெட்டுங்கள், அதாவது டியூபை அல்ல, சந்தேகத்தை. பானெட்டைத் திறந்தால் இரண்டு நாசிலுக்கும் பிரிகிற இடத்தில் ஒரு 'டி' இணைப்பு இருக்கும். அதற்குள் வருகிற டியூபைக் கழற்றி, நுனியை ஒரு பாட்டிலுக்குள் விட்டு லீவரை இழுக்கச் சொல்லுங்கள். அங்கே தண்ணீர் பாய்ந்தால் அடைப்பு நாசிலில். அங்கேயும் வராவிட்டால் அடைப்பு அதற்கு முன்னால்.

ரப்பர் பழசானால் இறுகிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். இழுத்துப் பிடுங்கினால் பிளாஸ்டிக் காம்பு உடைந்துவிடும். வெந்நீரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் சுற்றி வைத்து, திருகிக்கொண்டே எடுங்கள்.

நெடுவழி
நீர் வழி வேறு, மின்சாரம் வேறு என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1960களின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அதில் வாஷருக்கு மோட்டாரே கிடையாது. ஸ்பேர் டயரிலிருந்து ஒரு குழாய் தொட்டிக்குப் போகும், அந்தக் காற்றழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளும். அப்படிப்பட்ட வண்டி ஒன்றை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எவ்வளவு எளிமையான யோசனை! டயரில் காற்று குறைந்தால் கண்ணாடிக்கும் தண்ணீர் வராது.

நீலவானம்
செம்புக்கம்பி சார், பல்பு போட்டுப் பார்த்தேன். இழை சிவப்பாகத் தெரிகிறது, வெளிச்சம் என்று சொல்ல முடியாது. மீட்டரில் 11.8 இருந்தது பல்பு போட்டதும் 3க்கு விழுந்துவிட்டது! இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் பம்பை மாற்றியிருக்க மாட்டேன்.

செம்புக்கம்பி
அருமையாகச் செய்திருக்கிறீர்கள். மீதி வோல்ட் எங்கேயோ தொலைகிறது. அது பிளஸ் பக்கமா, எர்த் (பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை) பக்கமா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பல்பு அப்படியே இருக்கட்டும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வையுங்கள். சிவப்பு முனையைக் கனெக்டரில் எர்த் வயர் வருகிற பின்னில் வையுங்கள். லீவரை இழுத்தால் என்ன காட்டுகிறது? எர்த் நன்றாக இருந்தால் ஏறக்குறைய பூஜ்யம்தான் வர வேண்டும், 0.2க்கு மேல் போகக் கூடாது. அதிகமாக வந்தால் கோளாறு எர்த்தில்.

இதைப் படிக்கும் ஹேட்ச்பேக்காரர்கள் கவனிக்க: இரட்டை வாய் பம்பில் நிலையான எர்த் வயர் என்று ஒன்று கிடையாது. சும்மா இருக்கும்போது பொதுவாக இரண்டு பின்னும் எர்த்தில் இருக்கும். முன்னுக்கு இழுத்தால் ஒன்றில் 12 வோல்ட், பின்னுக்குத் தள்ளினால் மற்றதில். அது தெரியாமல் "இரண்டு வயரும் எர்த் காட்டுகிறது, ஷார்ட் ஆகிவிட்டது" என்று வயரை வெட்டியவர்கள் உண்டு.

நீலவானம்
8.4 காட்டுகிறது.

செம்புக்கம்பி
எர்த்தான். அந்த வயர் பாடியில் எங்கே போல்ட் போடப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும்.

மழைமேகம்
டி இணைப்பில் தண்ணீர் வரவில்லை. ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். டியூப் பின்னோக்கி எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனேன். பானெட் கீலுக்குப் பக்கத்தில், டியூப் மடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் உருண்டை இருக்கிறது. இரண்டு பக்கமும் டியூப் செருகியிருக்கிறது. இது என்ன?

மூன்றாம்கியர்
அதுதான் செக் வால்வ். தண்ணீரை நாசில் பக்கம் மட்டும் போகவிடும், திரும்பித் தொட்டிக்கு இறங்கவிடாது. அது இருப்பதால்தான் டியூப் எப்போதும் நிரம்பியிருந்து, லீவரைத் தொட்ட உடனே தண்ணீர் வருகிறது. உள்ளே மெல்லிய ரப்பர் தட்டு, சிலவற்றில் சின்ன ஸ்பிரிங். அழுக்கு வந்து உட்காருவதற்கு அதைவிட வசதியான இடம் அந்தப் பாதையிலேயே கிடையாது.

கழற்றிவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதாகப் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. வாய் வைத்து ஊத வேண்டாம். வாஷர் திரவங்கள் சிலவற்றில் மெத்தனால் இருக்கும், அது விஷம், கண்பார்வையையே பறிக்கும்.

கம்ப்ரசர் காற்றைப் பிடிக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நாசில் வழியாக அப்படியே பம்ப் வரை அடிக்காதீர்கள். இணைப்புகள் கழன்று போகும், வால்வும் கிழியும். நாசிலைத் தனியாகக் கழற்றி அடிப்பதானால் தப்பில்லை.

மழைமேகம்
இரண்டு பக்கமும் போகவில்லை! கட்டை விரலால் முழு பலத்தோடு அழுத்தியும் சிரிஞ்சின் தண்டு அசையவில்லை. வால்வ் இல்லாமல் டியூபை பாட்டிலுக்குள் விட்டு லீவரை இழுக்கச் சொன்னேன், தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. மனசு லேசானது.

வால்வைப் பிளேடால் இரண்டாக வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெண்மையாக, சமைத்த ஜவ்வரிசி மாதிரி, தொட்டால் வழுக்குகிற ஒரு கூழ். ரப்பர் தட்டு அதில் புதைந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினால் இழைஇழையாக வருகிறது. கொஞ்சம் பாசி நாற்றம். இது எங்கிருந்து வந்தது? நான் ஊற்றுவது தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும்தான். போன மாதம் மட்டும் கடையில் வாங்கிய வாஷர் திரவம் மேலே சேர்த்தேன்.

நெடுவழி
பாத்திரம் கழுவும் திரவத்தைப் பல வருடம் நானும் ஊற்றியிருக்கிறேன். எனக்கு எந்தக் கோளாறும் வந்ததில்லை. அதையே காரணம் என்று சொல்லிவிட முடியுமா?

மூன்றாம்கியர்
அது ஒன்றுதான் காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு மென்நீர் கிடைத்திருக்கலாம். கடினநீரில் கால்சியம் இருக்கிறது, சோப்போடு சேர்ந்தால் அது கரையாத கசடாகப் படியும். கடினநீர் வெறுமனே காய்ந்தாலும் நாசில் துளையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டும். வெவ்வேறு வகைத் திரவங்கள் ஒன்றாகக் கலந்து கூழாகிப்போவதும் உண்டு. இதற்கு மேல் பாசி. இவருடைய தொட்டியில் எல்லாமே சேர்ந்திருக்கின்றன. பாத்திர சோப்புக்கு நுரை அதிகம், கண்ணாடியில் காய்ந்து படலமாக நிற்கும், இரவில் எதிர் வெளிச்சம் பட்டால் அது கூசும். அதனால் நான் அதை ஊற்றுவதில்லை.

பனிக்காலை
இடையில் வருகிறேன். வெறும் தண்ணீர் போதும் என்பவர்களுக்கு ஒரு விஷயம். லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா கதகதப்பான, தேங்கிய நீரில் வளரும். அந்தத் தண்ணீர் தூவலாகி மூச்சில் போனால் நிமோனியா வரலாம். வாஷர் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றுகிற ஓட்டுநர்களுக்கு இந்த அபாயம் கூடுதல் என்று பிரிட்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முறையான வாஷர் திரவம் கலந்தால் அந்தக் கிருமி வளர்வது தடைபடும்.

குளிர் அதிகமான இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருமன் கூடும். தொட்டி, பம்ப் எதை வேண்டுமானாலும் பிளந்துவிடும். உறைந்துவிட்டால் லீவரைத் திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள், பம்போ ஃபியூஸோ போய்விடும். கண்ணாடி மேல் கொதிநீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், விரிசல் விடும். வண்டியைக் கதகதப்பான இடத்தில் விட்டுத் தானாக இளகவிடுவதுதான் வழி.

நீலவானம்
கண்டுபிடித்துவிட்டேன்! ஹெட்லைட்டுக்குப் பின்னால் எர்த் போல்ட். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சைப் பொடி, அதற்கும் கீழே பாடியில் துரு. உப்புத்தாளால் இரண்டையும் பளபளவென்று வரும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் பூசினேன். இப்போது எர்த் பக்கம் 0.05 காட்டுகிறது. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் கூரையைத் தாண்டிப் போய் விழுந்தது. ரொம்ப நன்றி சார். கழற்றிய பழைய பம்பையும் கனெக்டரில் செருகி ஒரு விநாடி பார்த்தேன். அதுவும் ஓடுகிறது.

செம்புக்கம்பி
ரொம்ப மகிழ்ச்சி. பழைய பம்பை எறியாதீர்கள், துடைத்து எடுத்து வையுங்கள். போல்டை இறுக்கிய பிறகு வாசலின் பூசியதும் சரியான வரிசை. பலர் அடியில் பூசிவிட்டு இறுக்குவார்கள்.

மூன்றாம்கியர்
மழைமேகம், புது வால்வ் வாங்குவதற்கு முன்னால் தொட்டியைச் சுத்தம் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கூழ் புது வால்விலும் போய் உட்காரும். முன் சக்கரத்தை முழுதாகத் திருப்பிவைத்தால் சக்கரக் கூண்டின் பிளாஸ்டிக் தட்டியில் கிளிப்புகள் தெரியும். நாலைந்தைக் கழற்றி மடக்கினால் போதும், பம்புக்குக் கை போகும். சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தால் ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே கை விடாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

பம்ப் ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும். கீழே ஒரு வாளி வைத்துவிட்டு, நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். வளையத்துக்குள் சின்ன வலை இருக்கும், அதைப் பாருங்கள். திரும்பச் செருகும்போது ரப்பரைத் தண்ணீரில் நனைத்தால் போதும். கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

மழைமேகம்
இன்று முழுக்க இதே வேலைதான். பம்பை இழுத்ததும் தண்ணீரோடு பச்சையாகத் துணுக்குகள் வந்து விழுந்தன. வலை பாதிக்கு மேல் பாசி மூடியிருந்தது, கட்டைவிரலால் வழித்தபோது தோல் மாதிரி உரிந்து வந்தது. பின் கண்ணாடிக்கு அடித்ததுகூட முன்பைவிட மெலிவாகத்தான் இருந்திருக்கிறது. முன்னால் வரவே இல்லை என்பதால் அதைக் கவனிக்கவில்லை. தொட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் தெளிவாக வரும்வரை அலசினேன், ஆறு முறை ஆனது. நாசில்களைக் கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன்.

வால்வ் நாளைக்குத்தான் கிடைக்கும். அதுவரை டியூபை நேராக இணைத்து ஓட்டலாமா?

மூன்றாம்கியர்
ஒரு நாளைக்குப் பரவாயில்லை. ஆனால் லீவரை இழுத்த பிறகு தண்ணீர் வர இரண்டு விநாடி ஆகும், அதற்குள் வைப்பர் வறண்ட மண்ணை வைத்துக் கண்ணாடியைத் தேய்த்துவிடும். அந்தக் கீறல் போகவே போகாது.

மழைமேகம்
புது வால்வ் போட்டேன், திரும்பவும் தண்ணீர் இல்லை. நேற்று நேராக இணைத்தபோது நன்றாக வந்ததே? பம்ப் சத்தம் மறுபடி கனமாக இருக்கிறது.

செம்புக்கம்பி
வால்வின் மேல் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அது நாசில் பக்கம் பார்த்துத்தான் இருக்கிறதா?

மழைமேகம்
தொட்டியைப் பார்த்து இருந்தது! மொபைல் விளக்கைப் பிடித்து உற்றுப் பார்த்த பிறகுதான் அந்தக் குறியே கண்ணில் பட்டது. திருப்பிப் போட்டேன். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் அடிக்கிறது. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பம்ப் வாங்கிப் போட்டிருந்தாலும் இதே இடத்தில்தான் நின்றிருப்பேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். வண்டி நிற்கும்போது தண்ணீர் கண்ணாடியின் நடுவில் சரியாக விழுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் வைப்பரின் அடிப்பக்கத்திலேயே விழுந்துவிடுகிறது.

மூன்றாம்கியர்
எதிர்க்காற்று அழுத்திவிடுகிறது. நிற்கும்போது நடுவுக்குச் சற்று மேலே விழுகிற மாதிரி ஏற்றி வையுங்கள். உங்கள் நாசிலில் துளையைச் சுற்றி ஒரு சின்ன உலோக உருண்டை தெரிந்தால், குண்டூசியை லேசாக நுழைத்து, துளி அளவு மேலே திருப்புங்கள். கொஞ்சம் அசைத்தாலே கண்ணாடியில் ஒரு சாண் மாறும். விசிறி மாதிரி விரிந்து அடிக்கிற வகை என்றால் அதற்குள் ஊசியே விடாதீர்கள். உள்ளே இருக்கும் நுண்ணிய வழிதான் தண்ணீரை விசிறியாக்குகிறது, அது கீறினால் பிறகு ஒழுங்காக அடிக்காது. அந்த வகையைக் கழற்றி, பின்பக்கமாக நீர் விட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

மழைமேகம்
உருண்டை வகைதான், ஒரு நாசிலுக்கு இரண்டு. மூன்றைத் திருப்பியாகிவிட்டது. ஓட்டுநர் பக்கத்தில் ஒன்று இன்னும் கொஞ்சம் தாழ்வாக அடிக்கிறது. இப்போது இருட்டிவிட்டது, காலையில் வெளிச்சத்தில் பார்த்து ஏற்றிவிட்டுச் சொல்கிறேன்.